குழூஉக்குறியும் கடவுச்சொல்லும்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

முன்னுரை

தகுதி வழக்கு மூன்று என்பது தமிழ் இலக்கணம் கற்றோர் அறிந்ததே. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்பன அவை. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு, ஒரு பொருளை அதன் இயற்பெயரால் குறிக்காமல் வேறொரு பெயரால் வழங்குவதே குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்றும் வழங்கியதை நன்னூல் உரைகள் எடுத்துக் காட்டுகின்றன. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதும் இவ்வகையைச் சார்ந்ததே. பக்கத்தில் நிற்பவன் பார்த்துக்கொண்டே இருப்பான். ஆனால் விலை அவனுக்குத் தெரியாது.

குழூஉக்குறி பலர் சேர்ந்து காக்கும் இரகசியம். கணிப்பொறி நம்மிடம் கேட்கும் கடவுச்சொல் ஒருவர் மட்டுமே காக்க வேண்டிய இரகசியம். 'கடவு' என்றால் வழி. கடவுச்சீட்டு நாட்டின் எல்லையில் வழிவிடும். கடவுச்சொல் கணிப்பொறியின் வாயிலில் வழிவிடும். அச்சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு தேவைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. பிறரால் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். நம் நினைவிலோ நிலைத்து நிற்க வேண்டும். எளிதாக நினைவில் நிற்பது எளிதாக ஊகிக்கவும் படுகிறது. ஊகிக்க அரியது மறந்துபோகிறது. இவ்விரண்டையும் ஒருசேரப் பெற வழியுண்டா என்பதைக் கணித மாணவன் என்ற முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கென்ன இழப்பு?

'என்னிடம் திருட என்ன இருக்கிறது?' என்று கேட்கும் நண்பர்கள் நம் வகுப்பிலும் உண்டு. நம் கல்லூரியில் பயில்வோரில் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். கல்வி உதவித்தொகை வங்கிக் கணக்கில்தான் வரவாகிறது. 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டமும், 2024ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாயை மாணவரின் கணக்கிலேயே நேராகச் சேர்க்கும் வகையில் அமைக்கப்பட்டன. தேர்வு விண்ணப்பம், மதிப்பெண் சான்று, வேலைக்கான அழைப்புக் கடிதம் ஆகிய யாவும் மின்னஞ்சல் வழியே வருகின்றன. அம்மின்னஞ்சலின் கடவுச்சொல் பிறர் கைக்குப் போனால், மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் 'மறந்துவிட்டேன்' என்று அழுத்தி அவர் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே மின்னஞ்சலே வீட்டின் தலைவாசல், மற்றவை உள்ளறைகள்.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் உள்ள ஒரு பிரவுசிங் சென்டரில் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வரும் மாணவர்களுக்குக் கடை ஊழியரே மின்னஞ்சல் முகவரி தொடங்கித் தருகிறார். கடவுச்சொல்லாக அம்மாணவரின் கைப்பேசி எண்ணையே இட்டு, அதை ஒரு நீண்ட கணக்கு நோட்டில் பெயரோடு எழுதியும் வைக்கிறார். அவர் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. மறந்துபோய்த் திரும்பி வருவோருக்கு உதவவே அவ்வாறு செய்கிறார். எனினும் அந்த ஒரு நோட்டு காணாமற்போனால், தெருவில் பாதிப் பிள்ளைகளின் தலைவாசல் திறந்துவிடும். கடை ஊழியர் முகவரி தொடங்கித் தரட்டும். வீட்டுக்கு வந்ததும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டியது நம் கடமை.

கடவுச்சொல் பிறந்த கதை

கணிப்பொறி முதலில் தோன்றியபோது அதற்குக் கடவுச்சொல் தேவைப்படவில்லை. ஒரு பொறி, ஒரு நேரத்தில் ஒருவர் வேலை என்றிருந்தது. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பாரின் குழுவினர், ஒரே பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். பலர் பயன்படுத்தும் பொறியில் அவரவர் கோப்பு அவரவர்க்கே உரியதாக இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக ஆளுக்கொரு கடவுச்சொல் தரப்பட்டது.

பூட்டு வந்த மறு ஆண்டே திருட்டும் வந்தது. 1962ஆம் ஆண்டில் ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணிப்பொறி நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1966ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதனினும் வியப்பானது. நிருவாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இரு கோப்புகளைத் திருத்தியபோது, அன்றாட அறிவிப்புக் கோப்பும் கடவுச்சொல் கோப்பும் இடம் மாறிப்போயின. உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் எல்லாருடைய கடவுச்சொற்களும் வரவேற்புச் செய்தியாக வந்து நின்றன.

நம் சென்னைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. அடையாற்றை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 370/155 என்னும் பெருங் கணிப்பொறி நிறுவப்பட்டது. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பொதுமக்களுக்கான இணையச் சேவை இந்நகருக்கு வந்தது. 2011ஆம் ஆண்டில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கிய பின்னர், அரசு கல்லூரி மாணவர் கைக்கும் பொறி வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் அறிவியலார் சிலருக்கே இருந்த கவலை, இவ்வாறு நம் அனைவருடைய கவலையும் ஆயிற்று.

ஊகிப்பவன் எவ்வாறு ஊகிக்கிறான்?

நம் கடவுச்சொல்லைத் தேடுபவன் நம் எதிரே அமர்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதில்லை. அப்படித் தட்டினால் சில தவறுகளுக்குப் பின் கணக்குத் தானே பூட்டிக்கொள்ளும். பணம் எடுக்கும் இயந்திரத்தின் எண் நான்கே இலக்கம். 10,000 வாய்ப்புகளே உள்ளன. ஆயினும் மூன்று முறை தவறினால் அட்டை முடக்கப்படுவதால் அது ஓரளவு தாக்குப்பிடிக்கிறது.

ஆபத்து வேறிடத்தில் உள்ளது. ஒரு நிறுவனம் நம் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்கக் கூடாது. அதனை ஒரு கணிதச் செக்கில் இட்டு அரைத்து, அரைத்த மாவை மட்டுமே வைத்திருக்க வேண்டும். மாவிலிருந்து நெல்லை மீட்க முடியாது. ஆனால் அந்த மாவுக் கோப்பு களவு போய்விட்டால், திருடன் தன் வீட்டில் அமர்ந்து தனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் அதே செக்கில் அரைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே மூன்று முறை என்ற தடை கிடையாது. செக்கு விரைவாகச் சுழலும் வகையினதாக இருந்தால், இக்காலப் பொறி ஒன்று நொடிக்கு 1,000 கோடிச் சொற்களையும் அரைத்துப் பார்க்கும். இந்த எண்ணையே அளவுகோலாகக் கொண்டு மேலே கணக்கிடுவோம்.

இத்துறையில் முதன்மையான ஆய்வு 1979ஆம் ஆண்டில் ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் ஆகியோர் வெளியிட்டது. அவர்கள் திரட்டிய கடவுச்சொற்கள் 3,289. அவற்றுள் ஒரே எழுத்தால் ஆனவை 15, இரண்டெழுத்து 72, மூன்றெழுத்து 464. அகராதிகளிலும் பெயர்ப் பட்டியல்களிலும் தேடிக் கிடைத்தவை மேலும் 492. எல்லாம் சேர்த்து 2,831, அதாவது நூற்றுக்கு 86, எளிதில் அகப்பட்டன. அவ்விருவரே 'உப்பு' என்னும் முறையையும் விளக்கினர். அரைக்கும்முன் ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் ஒரு தற்செயலான எண்ணைச் சேர்ப்பதே அம்முறை. ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தாலும் மாவு வேறு வேறாகத் தோன்றும்.

மாரிஸின் மகன் 1988ஆம் ஆண்டு நவம்பரில் இணையத்தில் ஏவிய 'புழு' நிரல், 432 சொற்கள் கொண்ட சிறு பட்டியலையும் தன்னுடன் சுமந்து சென்று கடவுச்சொற்களை ஊகித்தது. தந்தை எச்சரித்த பலவீனத்தை மகனே உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டினார் எனலாம். 2009ஆம் ஆண்டில் ராக்யூ என்னும் நிறுவனத்திலிருந்து 3.2 கோடிக் கடவுச்சொற்கள் வெளியாயின. அவற்றுள் 2,90,731 பேர் வைத்திருந்தது '123456'. முப்பது ஆண்டுகளில் பொறிகள் மாறின, மனிதன் மாறவில்லை.

நம் ஊர் ஊகங்கள்

நாம் வெளிநாட்டாரைப் பார்த்து நகைக்க வேண்டியதில்லை. நம்மிடையே வழங்குபவற்றை எண்ணிப் பார்ப்போம்.

பிறந்த நாள்: நம் கல்லூரி மாணவர் வயது பெரும்பாலும் ஐந்தாண்டு இடைவெளிக்குள் அடங்கும். அதில் உள்ள நாட்கள் 1,826. ஊகிப்பவனுக்கு ஒரு நொடியும் வேண்டாம்.

கைப்பேசி எண்: பத்து இலக்கம் என்றாலும், நம் நாட்டில் முதல் இலக்கம் 6 முதல் 9 வரைதான். ஆகவே 400 கோடிக்கு மேல் இல்லை. பொறிக்கு அரை நொடி வேலை. தெரிந்தவருக்கோ அதுவும் வேண்டாம்.

வண்டி எண்: மந்தைவெளி அலுவலகத்தின் 06, திருவான்மியூர் அலுவலகத்தின் 07 என்று தொடங்கும் எண்களைத் தெருவில் போவோர் வருவோர் எல்லாம் படிக்கிறார்கள்.

பெயரோடு அஞ்சல் எண்: மயிலாப்பூர் 600004, தியாகராய நகர் 600017, அடையாறு 600020. சென்னை முழுமைக்கும் இத்தகைய எண்கள் மிகச் சிலவே. நாள்தோறும் ஏறும் பேருந்தின் எண்ணைப் பெயரோடு ஒட்டுவோரும் உளர். பேருந்துத் தடங்களும் சில நூறுதான்.

இவ்விடத்தில் தமிழ் மாணவர்கள் ஒன்றைச் சொல்வர். 'நீளமான குறள் ஒன்றையே கடவுச்சொல்லாக வைத்தால் யார் கண்டுபிடிப்பார்?' என்பர். நீளத்தைக் கண்டு ஏமாறலாகாது. குறள்கள் மொத்தம் 1,330. எதை எடுத்தாலும் வாய்ப்பு 1,330இல் ஒன்றே. அவற்றுள்ளும் பள்ளியில் மனப்பாடம் செய்தவை சிலவே. 1976ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டத்தில் 1,330 குறளையும் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஊரறியக் கல்லில் வெட்டியது இரகசியம் ஆகுமா? புகழ்பெற்ற திரைப்பாடல் வரிக்கும் இதே கதிதான்.

இன்னொரு தந்திரமும் உண்டு. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக அமைந்த தமிழ்99 விசைப்பலகையைப் பழகியவர்கள், தமிழ்ச் சொல்லுக்குரிய விசைகளை ஆங்கில நிலையில் வைத்து அடிப்பார்கள். திரையில் பொருளற்ற எழுத்துக் கூட்டம் தோன்றும். பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் இத்தந்திரத்தை அறிந்தவன் தன் சொற்பட்டியல் முழுவதையும் அவ்வாறே மாற்றி இன்னொரு முறை ஓட்டினால் போதும். அவன் வேலை இரு மடங்காகுமே தவிர அதற்கு மேல் ஆகாது. 1883ஆம் ஆண்டிலேயே கெர்க்காப்ஸ் என்னும் மறைமொழி அறிஞர் ஒரு நெறியை வகுத்தார். முறை பகைவனுக்குத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டே காவல் அமைய வேண்டும். திறவுகோல் மட்டுமே இரகசியமாக இருக்க வேண்டும் என்பது அந்நெறி.

எண்ணிக்கையே வலிமை

அப்படியானால் கடவுச்சொல்லின் வலிமை எதில் உள்ளது? அச்சொல் பார்ப்பதற்குக் கரடுமுரடாக இருப்பதில் இல்லை. அது எத்தனை சம வாய்ப்புகளுள் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதில்தான் உள்ளது.

சிறிய ஆங்கில எழுத்துகள் 26. எட்டு எழுத்தைத் தற்செயலாகக் கோத்தால் வாய்ப்புகள் ஏறத்தாழ 20,882 கோடி. நம் அளவுகோலின்படி இதனைச் சல்லடை போட 21 நொடி போதும். பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் சேர்த்து விசைப்பலகையின் 94 குறிகளிலிருந்து எட்டைத் தற்செயலாக எடுத்தால் 61 கோடி கோடி; ஏழு நாளில் முடியும். அதுவும் உண்மையிலேயே தற்செயலாக எடுத்தால்தான். நாம் எடுப்பதோ, முதலெழுத்தைப் பெரிதாக்கி, 'ஏ' வருமிடத்தில் '@' குறியை இட்டு, கடைசியில் 123 சேர்ப்பது. இந்த ஒப்பனையைத் திருடன் நம்மினும் நன்றாக அறிவான்.

இவ்வுண்மையை உணர்ந்து அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2017ஆம் ஆண்டில் தன் பழைய விதிகளை மாற்றியது. பெரிய எழுத்தும் குறியும் கட்டாயம் என்பதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் கைவிடப்பட்டன. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுகிறார்கள் என்பதே காரணம். நீளமே முதன்மை என்றும், முன்பே களவுபோன சொற்களை ஏற்கலாகாது என்றும் புதிய விதி கூறியது. கடவுச்சொல் ஒன்றே காவலாக இருக்குமிடத்தில் குறைந்தது 15 எழுத்து வேண்டும் என்று 2025ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது.

தாயக்கட்டை முறை

நீளமாகவும் இருக்க வேண்டும், தற்செயலாகவும் இருக்க வேண்டும், நினைவிலும் நிற்க வேண்டும். இதற்கு 1995ஆம் ஆண்டில் ஆர்னால்டு ரெயின்ஹோல்டு என்பார் ஒரு வழி கண்டார். 7,776 சொற்களுக்கு எண்ணிட்டு, பகடையை ஐந்து முறை உருட்டி ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்பது அவ்வழி. ஆறின் ஐந்தாம் அடுக்கு 7,776 அல்லவா?

நம் வீட்டுப் பெட்டியில் ஆறுமுகப் பகடை இல்லாமற்போகலாம். பாட்டியின் தாயக்கட்டை இருக்கும். பித்தளையால் ஆன நீண்ட இரு கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம். ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெறுமுகமும். ஆட்டத்தில் இரண்டையும் சேர்த்தே பார்ப்பதால் 'ஒன்றும் இரண்டும்', 'இரண்டும் ஒன்றும்' ஒன்றாகவே எண்ணப்படும். வேறுபட்ட விளைவுகள் பத்துதான். ஒரு கட்டையில் நூல் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டால் விளைவுகள் 4 × 4 = 16 ஆகும். நூல் சுற்றிய கட்டையின் எண்ணை நான்கால் பெருக்கி, மற்றதன் எண்ணைக் கூட்டி, ஒன்று சேர்த்தால் 1 முதல் 16 வரை ஓர் எண் கிடைக்கும். வெறுமுகத்தைப் பூச்சியமாகக் கொள்க.

இப்போது பதினாறு பக்கமுள்ள ஒரு நோட்டில், பக்கத்துக்குப் பதினாறு வரி, வரிக்குப் பதினாறு சொல் என எழுதுவோம். முதல் உருட்டு பக்கத்தைக் காட்டும். இரண்டாவது வரியைக் காட்டும். மூன்றாவது சொல்லைக் காட்டும். மொத்தச் சொற்கள் 16 × 16 × 16 = 4,096. ஆறு சொற்களைப் பதினெட்டு உருட்டில் எடுத்தால் வாய்ப்புகள் 4.7 கோடி கோடி கோடி. நொடிக்கு 1,000 கோடி என்ற வேகத்தில் இவற்றை முழுதும் தேட ஏறத்தாழ 15,000 ஆண்டுகள் ஆகும். திருடன் நூறு பொறி வைத்திருந்தாலும் 150 ஆண்டுகள். எட்டெழுத்துக் கரடுமுரடான சொல்லைக் காட்டிலும் இது ஏழு லட்சம் மடங்குக்கு மேல் வலியது. இவ்வளவுக்கும் நோட்டு இரகசியமன்று. கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்தாலும் தீங்கில்லை. உருட்டிய விளைவு மட்டுமே இரகசியம்.

ஒன்றை வற்புறுத்த விரும்புகிறேன். வந்த சொல் பிடிக்கவில்லை என்று மறுபடி உருட்டலாகாது. பிடித்த சொல்லையே எல்லாரும் நாடுவதால்தான் ஊகம் பலிக்கிறது.

தமிழ்ச் சொல்லுக்குரிய தனிச் சிக்கல்

பல தளங்கள் தமிழ் எழுத்தைக் கடவுச்சொல்லாக ஏற்பதில்லை. ஏற்றாலும் ஒரு நுட்பமான தொல்லை உண்டு. ஒருங்குறியில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கு வேறு வேறு. வீட்டுக் கணிப்பொறியில் திறந்த கதவு கைப்பேசியில் திறக்காமற்போக இது காரணமாகலாம்.

ஆகவே ஆங்கில எழுத்தில் எழுத நேர்கிறது. அதிலும் 'ழ'கரத்தைச் சிலர் இரண்டு எழுத்தாலும் சிலர் ஓரெழுத்தாலும் எழுதுவர். நெடிலுக்குச் சிலர் இரட்டை எழுத்து இடுவர்; சிலர் இடார். எனவே நோட்டில் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் பக்கத்தில் அதன் ஆங்கில எழுத்து வடிவம் ஒன்றை மட்டும் உறுதி செய்து எழுதிவிட வேண்டும். குடை, பனை, கிளி போன்ற சிறு சொற்களே ஏற்றவை. கோயில், கோவில் என இரு வடிவில் வழங்கும் சொற்களைத் தவிர்க்கலாம்.

நினைவில் நிறுத்தும் கலை

ஆறு சொற்களை எப்படி நினைவில் வைப்பது? பண்டைக் கிரேக்க, உரோமப் பேச்சாளர்கள், சொல்ல வேண்டியவற்றை ஒரு கட்டடத்தின் அறைகளில் வரிசையாக வைத்ததாகக் கற்பனை செய்துகொள்வர். நமக்குக் கட்டடம் வேண்டாம், மயிலாப்பூர் இருக்கிறது. கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம், தெற்கு மாட வீதி, மேற்கு மாட வீதி, மேற்கே உள்ள திருக்குளம், வடக்கு மாட வீதி, தேர் நிலை என ஆறு இடங்கள். குடை, பாய், மிளகு, ரயில், தூண், கிளி என்னும் சொற்கள் உருண்டு வந்தன என்று கொள்வோம். கோபுரத்தின் உச்சியில் குடை விரிந்திருக்கிறது. தெற்கு வீதி நெடுகப் பாய் விரித்திருக்கிறது. மேற்கு வீதியில் மிளகு கொட்டிக் கிடக்கிறது. குளத்துக்குள்ளே ரயில் ஓடுகிறது. வடக்கு வீதியின் நடுவில் தூண் முளைத்திருக்கிறது. தேரில் கிளி அமர்ந்திருக்கிறது. எவ்வளவு பொருந்தாத காட்சியோ அவ்வளவு நன்றாக மனத்தில் ஒட்டும். இரண்டு முறை மனத்தால் வலம் வந்தால் போதும். (அச்சில் ஏறிவிட்டமையால் இந்த ஆறு சொற்களை இனி எவரும் பயன்படுத்தலாகாது.) அடையாற்று நண்பரும் தியாகராய நகர் நண்பரும் தத்தம் தெருவையே எடுத்துக்கொள்ளலாம்.

எண்களுக்கு வேறொரு வழி. கருநாடக இசையில் 72 மேளகர்த்தா இராகங்களின் பெயர்களில் அவற்றின் வரிசை எண் மறைந்திருப்பதை மயிலாப்பூர்ச் சபைகளில் கச்சேரி கேட்போர் அறிவர். இதற்குக் கடபயாதி என்று பெயர். க, ட, ப, ய ஆகிய நான்கும் ஒன்றைக் குறிக்கும். பிற எழுத்துகள் வரிசையாகத் தொடரும். மாயாமாளவகௌளையில் 'மா' ஐந்து, 'யா' ஒன்று; வலமிருந்து இடமாகப் படித்தால் 15. மேசகல்யாணி 65; தீரசங்கராபரணம் 29.

இம்முறை வடமொழி எழுத்து வரிசையைச் சார்ந்தது. நம் பதினெட்டு மெய்க்கு ஏற்ப நான் இவ்வாறு அமைத்துக்கொண்டேன்: க 1, ங 2, ச 3, ஞ 4, ட 5, ண 6, த 7, ந 8, ப 9, ம 0; மீண்டும் ய 1, ர 2, ல 3, வ 4, ழ 5, ள 6, ற 7, ன 8. உயிரொலிக்கு மதிப்பில்லை, இடமிருந்து வலமாகப் படிக்க. வங்கி இயந்திரத்துக்கான எண்ணைத் தாள்துண்டுகளைக் குலுக்கி எடுத்தபோது 3917 வந்தது என்று கொள்வோம். ச, ப, க, த. 'சபை, காது' என்று சொல் அமைத்தால் மறக்குமா? இங்கே வரிசை மாறாமல் கவனிக்க வேண்டும்: எண்ணைத் தற்செயலாக எடுத்த பின்பே சொல்லைத் தேட வேண்டும். பிடித்த சொல்லை எடுத்து எண்ணாக்கினால் காவல் குன்றும்.

பயன்படுத்தும் நெறி

முதலாவது, ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைக்கலாகாது. வீட்டுக்கும் பீரோவுக்கும் மிதிவண்டிக்கும் ஒரே சாவி வைப்பார் உண்டோ? ஒரு சிறு தளத்தில் களவுபோன சொல்லை எடுத்து மற்ற எல்லா வாயில்களிலும் தட்டிப் பார்ப்பதே திருடரின் முதல் வேலை.

இரண்டாவது, மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் ஆறு சொல் முறையைக் கையாண்டு நினைவில் வைக்க வேண்டும். எஞ்சிய பலவற்றைக் கடவுச்சொல் காப்பு நிரல் ஒன்றிடம் ஒப்படைக்கலாம். அல்லது தாளில் எழுதி வீட்டுப் பெட்டிக்குள் பூட்டி வைக்கலாம். கைப்பையில் சுமந்து திரிவதும், கைப்பேசியில் புகைப்படம் எடுத்து வைப்பதும் கூடா.

மூன்றாவது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கிடைக்குமிடத்தில் அதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டை வங்கி அதிகாரி என்று சொல்வாருக்கும் சொல்லலாகாது. யு.பி.ஐ. எண் பணம் பெறுவதற்குத் தேவையில்லை. பணம் பெறுவதற்கு அதைக் கேட்பவன் திருடனே. எவ்வளவு வலிய சொல்லாயினும் நாமே வாய் திறந்து கொடுத்துவிட்டால் 15,000 ஆண்டுக் கணக்கு ஒரு நிமிடத்தில் பொய்யாகிவிடும்.

நான்காவது, பிறர் கடவுச்சொல்லை வஞ்சனையாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். விளையாட்டாக நண்பனின் கணக்கில் நுழைவோரும் இதனை நினைவில் கொள்ள வேண்டும். பணம் பறிபோனால் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க அதுவே வழி.

முடிவுரை

நல்ல கடவுச்சொல் அறிவின் கூர்மையால் அமைவதன்று. தற்செயலின் துணையால் அமைவது. அதனை நினைவில் நிறுத்துவதற்கே நம் கற்பனை தேவைப்படுகிறது. தேர்ந்தெடுக்கும் வேலையைத் தாயக்கட்டையிடமும், நினைவில் வைக்கும் வேலையை மனத்திடமும் பிரித்துக் கொடுத்தால், தொடக்கத்தில் நாம் கண்ட மோதல் தீர்கிறது.

இக்கட்டுரையை ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். 4,096 என்பது 64 × 64. அறுபத்துநான்கு மாணவர்கள் ஆளுக்கு அறுபத்துநான்கு எளிய தமிழ்ச் சொற்கள் எழுதித் தந்து, இருமுறை வந்தவற்றை நீக்கி நிரப்பிவிட்டால், ஒரு வார காலத்தில் நம் கல்லூரிக்கென்று ஒரு சொல்நோட்டு உருவாகிவிடும். மீன் சந்தைச் சொல்லும், சமையலறைச் சொல்லும், வயற்காட்டுச் சொல்லும் அதில் இடம்பெறட்டும். தமிழ்த் துறையினர் சொற்களைச் செப்பம் செய்யலாம்; கணிதத் துறையினர் எண்ணிடலாம்; நூலகத்தில் ஒரு படியும் இரண்டு தாயக்கட்டைகளும் வைக்கலாம். அடுத்த ஆண்டு சேரும் மாணவர், முதல் வாரத்திலேயே நூலகத்துக்குச் சென்று பதினெட்டு முறை உருட்டிவிட்டு வகுப்புக்கு வரட்டும். அவருடைய உதவித்தொகையும் மதிப்பெண் சான்றும் அவரிடமே இருக்கும். துறைத் தலைவர்களும் தோழர்களும் இம்முயற்சிக்குக் கைகொடுப்பார்கள் என்று நம்புகிறேன்.